6. இழைப்பு மெஷினுக்கு எந்த பிளாக்?

திருவண்ணாமலையில் ஒரு சின்ன மரப் பட்டறைக்கு ஒரே வாரத்தில் என்னென்ன மரம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். பூஜை அறைக் கதவுக்குத் தேக்கு வரும். வாசல் நிலைக்கு வேங்கையோ வேம்போ வரும். இடித்த ஓட்டு வீட்டின் உத்தரம் துருப்பிடித்த ஆணிகளோடு வரும். செங்கம் பக்கத்திலிருந்து ஒருவர், கொல்லையில் சாய்ந்த பூவரசை அறுத்து டிராக்டரில் கொண்டுவந்து இறக்கி, "இதுலயே ஒரு கட்டில் பண்ணிக் குடுங்க ஆசாரி, எங்கப்பா வச்ச மரம்" என்பார். நான்கும் நான்கு குணம். நான்கும் நுழைவது ஒரே மெஷினுக்குள்.

மெஷின் வாங்கப் போனால் மேஜையின் நீளம் பார்க்கிறோம், மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கேட்கிறோம், வார்ப்பிரும்பைத் தட்டிப் பார்க்கிறோம். மரத்தை வெட்டுவதோ நடுவில் சுழலும் அந்தச் சின்ன உருளை. கம்பெனிப் புத்தகம் அதைக் கட்டர் ஹெட் என்கிறது; பட்டறையில் பிளாக். வாங்கும்போது அதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடுவோம். பலகையைக் கையால் தள்ளி ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் நேராக்கும் மெஷினை நாம் சர்ஃபேஸ் பிளானர் என்கிறோம். அமெரிக்கப் பட்டியல்களில் அதுவே ஜாயிண்டர். இதில் பிளாக் மேஜை மட்டத்துக்குக் கீழே இருக்கும். திக்னஸ் பிளானரில் பிளாக் மேலே. இழுப்பு உருளைகள் பலகையை உள்ளே வாங்கி, ஒரே கனத்துக்குச் சீவி, மறுபக்கம் தள்ளிவிடும். ஒரே வகை பிளாக்கை இரண்டிலும் போட முடியும். போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சதுர பிளாக்

பழைய மெஷின்களில் இருப்பது இது. நாற்சதுர இரும்புத் தண்டு, அதன் முகங்களில் போல்ட் போட்டு இறுக்கிய பிளேடுகள். இதன் குற்றம் பிளேடில் இல்லை, சதுரத்தில் இருக்கிறது. சதுரம் சுழலும்போது மூலைகள் மட்டுமே மேஜை மட்டத்தைத் தொடும். மூலைக்கும் மூலைக்கும் நடுவே குழி. ஓடும்போது அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது. கை வழுக்கினால் விரல் அந்தக் குழிக்குள் இறங்கும், அடுத்த மூலை வந்து அடிக்கும். போவது நுனிச் சதை அல்ல, கை.

உருண்டை பிளாக் வந்த பிறகு இந்தக் குழி அடைபட்டது. உருளையின் உடம்பு இடைவெளியை நிரப்பிக்கொள்ள, பிளேடு ஏறக்குறைய 1 மி.மீ. மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் காயம் படும், ஆனால் கை போகாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவிய இந்த மாற்றத்தை, கையால் தள்ளும் பிளானர்களுக்கு பிரிட்டன் 1922-இன் மரவேலை மெஷின் விதிகளில் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் பல மாநிலங்கள் வகுத்த விதிகளில் இதே நிபந்தனை இடம்பெற்றது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அதெல்லாம் பொருந்தாது என்பீர்கள். விரலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

நேர் பிளேடு பிளாக்

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் ஓடுவது உருண்டை பிளாக், அதில் இரண்டு, மூன்று அல்லது நான்கு நீள பிளேடு. ஒவ்வொரு பிளேடும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, முன்னால் ஒரு ஆப்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். பிளேடு பொதுவாக ஹை ஸ்பீடு ஸ்டீல். இதன் பெரிய பலம் கூர்மை. நன்றாகத் தீட்டிய புது முனை தேக்கின் மேல் நேர் நாரில் ஓடும்போது வரும் முகத்துக்கு உப்புத்தாள் தேவைப்படாது. இந்த ஒரு விஷயத்தில் விலை உயர்ந்த எந்த பிளாக்கும் இதை ஜெயித்ததில்லை என்பது என் அனுபவம்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பிளாக் நிமிடத்துக்கு 5,000 சுற்று, பிளேடு மூன்று என்றால் நிமிடத்துக்கு 15,000 வெட்டு. திக்னஸரில் பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே 0.4 மி.மீ. அந்த அலையை விரல் உணராது. ஆனால் மூன்றில் ஒரு பிளேடு கொஞ்சம் உயரமாக நின்றுவிட்டால் அது மட்டுமே முகத்தில் தடம் பதிக்கும், அலை 1.2 மி.மீ. ஆகிவிடும். வார்னிஷ் அடித்து ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்தால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். "மெஷின் சரியில்லை" என்று சொல்லப்படும் பத்தில் எட்டு மெஷின்களில் கோளாறு பிளேடு கட்டியதில்தான்.

அதனால் பிளேடு கட்டுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சர்ஃபேஸ் பிளானரில், நேராக இழைத்த ஒரு அடி நீளக் கட்டையை வெளிமேஜை (பலகை வெளியேறும் பக்கத்து மேஜை) மேல் வைத்து, அதன் நுனி பிளாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளுங்கள். மேஜை விளிம்பு வரும் இடத்தில் கட்டையில் பென்சிலால் ஒரு கோடு. இப்போது புல்லியைப் பிடித்து பிளாக்கை மெல்லச் சுற்றினால் பிளேடு முனை கட்டையைத் தொட்டுக் கொஞ்ச தூரம் இழுத்துச் செல்லும். இழுத்த தூரம் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். பிளேடின் இடது ஓரம், வலது ஓரம், பிறகு அடுத்த பிளேடு என்று எல்லா இடத்திலும் அதே தூரம் இழுக்க வேண்டும். ஆப்பு போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள்; நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக. இறுக்கும்போது பிளேடு ஏறும், இறங்கும். மறுபடி அளந்து பாருங்கள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும். பழகினால் அரை மணி.

வெளிமேஜை பிளேடின் உச்சிக்குத் துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும். மேஜை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி இரண்டு அங்குலம் உள்மேஜையை விட்டு இறங்கும்போது அங்கே குழி விழும். உயர்ந்திருந்தால் பலகையின் தலை மேஜை விளிம்பில் முட்டும், அல்லது வெட்டு போகப் போக மெலிந்து காணாமல் போகும்.

சாணை பிடித்து வரும் பிளேடுகளை ஒன்றோடொன்று எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 5,000 சுற்றில் சில கிராம் வித்தியாசமும் அதிர்வாகத் தெரியும். முதலில் கெடுவது பேரிங். தெரிந்த நகைக்கடைத் தராசு இருந்தால் அதில் வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முனையில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த பிளேடைத் திருப்பிக் கொடுங்கள். ஹை ஸ்பீடு ஸ்டீல் சூட்டைத் தாங்கும்தான். ஆனால் அவசரமாகச் சுட்டுத் தண்ணீரில் முக்கிய முனையில் மயிரிழை விரிசல் விழும். வெளியூரில் ஒரு கடையில் சாணை பிடித்து வாங்கிய ஒரு செட்டில் எனக்கு இது நேர்ந்தது. மூன்றாம் நாள் முனையிலிருந்து ஒரு சில்லு பறந்து எதிர்ச் சுவரில் தைத்தது.

நேர் பிளேடின் பலவீனம் எதிர்நார். வேம்பிலும் வேங்கையிலும் வாகையிலும் நார் ஒரு பட்டையில் இப்படியும் அடுத்த பட்டையில் அப்படியும் பின்னிக்கொண்டு ஓடும். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் ஏதோ ஒரு பட்டை எதிர்நார்தான். அங்கே முனை மரத்தை வெட்டாமல் பிய்த்துக்கொண்டு போகும். இதற்குப் புது பிளாக் வாங்கும் முன் செய்து பார்க்க ஒரு வழி உண்டு. சாணைக்காரரிடம் பிளேடின் தட்டை முகத்திலும் முனையை ஒட்டி 10 முதல் 15 டிகிரியில் ஒரு மெல்லிய சாய்வு கேளுங்கள். முனை மரத்தைத் தூக்காமல் சுரண்டுவதுபோல் வெட்டும். பிய்வது நன்றாகக் குறையும். மோட்டார் கொஞ்சம் கூடுதலாக முனகும், நேர் நாரில் அந்தப் பளபளப்பு போய்விடும். வேம்பு நிலை மட்டுமே அதிகம் செய்பவருக்கு இது காசில்லாத மருந்து. ஒரு செட் இப்படி, ஒரு செட் சாதா என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

வாகை இழைக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். பிளாக் எதுவானாலும் அந்தத் தூளுக்குத் தும்மல் நிற்காது.

டெர்சா வகை

ஐரோப்பிய மெஷின்களில் இதைப் பார்க்கலாம். இருபுறமும் முனை உள்ள மெல்லிய பிளேடைப் பக்கவாட்டிலிருந்து பள்ளத்துக்குள் சறுக்கி விட்டால் போதும். பிளாக் சுழன்றதும் மையவிலக்கு விசையில் ஆப்பு தானாக இறுகி பிளேடைப் பிடித்துக்கொள்ளும். உயரம் அளக்கும் வேலையே இல்லை; அரை மணி நேர வேலை சில நிமிடத்தில் முடியும். ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் போடலாம், இரண்டும் போனால் தூக்கி எறியலாம். சாணை கிடையாது. நம் ஊரில் இதன் சிக்கல் ஒன்றுதான்: பிளேடு பக்கத்துக் கடையில் கிடைக்காது. சென்னையிலிருந்தோ தபாலிலோ வர வேண்டும். கார்த்திகை தீபத்தையொட்டி ஊருக்குள் வண்டி வருவது நிறுத்தப்படும் நாட்களில் கையில் மாற்று செட் இல்லாதவர் மெஷினை மூடி வைக்க வேண்டியதுதான். வாங்கினால் மூன்று செட்டாக வாங்குங்கள்.

சில்லு பிளேடு பிளாக்

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். சிலர் ஸ்பைரல் என்கிறார்கள், சிலர் ஹெலிக்கல் என்கிறார்கள். நீள பிளேடுக்குப் பதில், விரல் நகம் அளவுள்ள சதுரக் கார்பைடு சில்லுகள் பிளாக்கைச் சுற்றித் திருகு வரிசையில் பதிந்திருக்கும். பெரும்பாலும் 14 அல்லது 15 மி.மீ. பக்கம் உள்ளவை. பிளாக்கின் அகலத்தைப் பொறுத்து 30 முதல் 70 சில்லு வரை. ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. ஒன்று மழுங்கினால் திருகைத் தளர்த்திக் கால் சுற்று திருப்பினால் புது முனை.

விற்பவர்கள் இரண்டு பெயரையும் ஒன்றாகக் குழப்புவார்கள். வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள். சில்லுகள் திருகு வரிசையில் நின்றாலும், ஒவ்வொரு சில்லின் முனையும் பிளாக்கின் அச்சுக்கு இணையாக நேராக இருந்தால் அது ஸ்பைரல். மரத்தை நேராகத்தான் கொத்தும், பலகையின் முழு அகலத்தையும் ஒரே நேரத்தில் கொத்தாது, அவ்வளவே. ஒவ்வொரு சில்லும் சற்றே சாய்ந்து நின்று மரத்தைக் கோணலாக அறுத்தால் அது ஹெலிக்கல். நாம் இழைப்புளியைச் சாய்த்துப் பிடித்து ஓட்டுவதும் இதற்காகத்தான். வேங்கையின் எதிர்நாரில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கடையில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு அடிக்கோலை பிளாக்கின் நீளவாட்டில் வைத்து, சில்லின் முனை கோலுக்கு இணையாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

சத்தம் இதன் இன்னொரு வரம். நீள பிளேடு மேஜை விளிம்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் காற்றைத் தள்ளி அடிப்பதால்தான் அந்தச் சங்கொலி. சில்லு பிளாக்கில் அது பெரிதும் குறையும். வீடுகளுக்கு நடுவே பட்டறை வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்கள் பட்டறை வாசலைத் தாண்டும்போது மெஷின் ஓட்டுவது எந்த பிளாக்கானாலும் கூடாது என்பது வேறு விஷயம்.

தேக்கில் மண் சத்து, அதாவது சிலிக்கா, இருக்கிறது. ஹை ஸ்பீடு ஸ்டீல் முனையை அது உப்புத்தாள்போல் தின்னும். கார்பைடு இதைப் பல மடங்கு தாங்கும். ஆணி விஷயத்திலும் கணக்கு இப்படித்தான். பழைய உத்தரத்தில் மறைந்திருந்த ஒரு ஆணி என் மூன்று நீள பிளேடுகளிலும் ஒரே இடத்தில் பள்ளம் போட்டது. இழைத்த ஒவ்வொரு பலகையிலும் நூல் ஒட்டியதுபோல் ஒரு கோடு. ஒரு பிளேடை மட்டும் 2 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்திக் கட்டினால் அந்தக் கோடு மறையும். இந்தத் தந்திரம் அடுத்த சாணை வரை தாங்கும். சில்லு பிளாக்காக இருந்திருந்தால் உடைந்த இரண்டு மூன்று சில்லைத் திருப்பியிருப்பேன். எதுவானாலும், பழைய மரத்தின் மேல் முதலில் காந்தத்தை ஓட்டுங்கள். பழுதான பெரிய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் போதும்.

இனி குறைகள். ஒன்று, விலை. மலிவான 13 அங்குல மெஷின் வைத்திருப்பவருக்கு பிளாக்கின் விலை மெஷின் விலையை நெருங்கிவிடலாம். இரண்டு, மோட்டார். கார்பைடு முனை புது ஸ்டீல் முனை அளவுக்குக் கூர்மையில்லை, எந்த நேரமும் சில சில்லுகள் மரத்துக்குள் இருக்கும். மோட்டார் கூடுதலாக இழுக்கும். அகலமான வேங்கைப் பலகைக்கு 2 ஹெச்.பி. திணறும், 3 ஹெச்.பி. இருந்தால் நிம்மதி. மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமத்துப் பட்டறையில் இதை இரண்டு முறை யோசியுங்கள். மூன்று, முகம். ஒவ்வொரு சில்லும் மிக ஆழமற்ற ஒரு வாய்க்கால் விட்டுச் செல்லும். சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். உப்புத்தாள் ஒரு கை தேவை. நான்கு, சீவல். நீள பிளேடு தரும் சுருள் சீவல் இதில் வராது, பொடிச் சீவல்தான். தூசி உறிஞ்சும் மெஷினுக்கு நல்லது, குழாய் அடைக்காது. பட்டறைச் சுருளைப் பொட்டலத்துக்கும் அடுப்புக்கும் வாங்கிப்போகிறவர் வருத்தப்படுவார்.

சில்லைத் திருப்பும்போது அவசரம் கூடாது. சில்லின் அடியில் ஒரு துளி மரப் பிசின் இருந்தாலும் அது தூக்கிக்கொண்டு நிற்கும், பலகையில் வரி விழும். திருகைக் கழற்றி, இருக்கையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்த்தி, பிறகே சில்லை வையுங்கள். திருகைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கை பலத்தைக் காட்டினால் கார்பைடு விரிசல் விடும். சில்லின் மூலையில் புள்ளியோ எண்ணோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குத் திருப்பினால்தான் எந்த முனை தீர்ந்தது என்ற கணக்கு நிற்கும்.

நான் என்ன போடுவேன்

இரண்டு மெஷினும் வைத்திருக்கிறீர்கள், கையில் ஒரு பிளாக்குக்கு மட்டும் காசு இருக்கிறது என்றால், அந்த ஹெலிக்கல் பிளாக்கைத் திக்னஸரில் போடுங்கள். சர்ஃபேஸ் பிளானரில் நேர் பிளேடையே வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. சர்ஃபேஸ் பிளானரில் பலகை உங்கள் கையில் இருக்கிறது. விளிம்பைப் பார்த்து நார் எங்கே ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு, திருப்பிப் போட்டு, மெல்லத் தள்ளி, 0.5 மி.மீ.-க்குக் கீழே வெட்டு வைத்துச் சமாளிக்கலாம். பிய்ந்தாலும் அந்த முகம் பிறகு திக்னஸரில் ஒருமுறை போய்வரும். திக்னஸரோ தன் வேகத்தில் இழுக்கும். அகலமான பலகையின் ஒரு பாதி நேர் நாராகவும் மறுபாதி எதிர்நாராகவும் இருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. கடைசி முகத்தைத் தருவதும் அதுதான். அதோடு, பெரும்பாலான திக்னஸர்களில் பிளேடு கட்டுவது மூடியைக் கழற்றி இருட்டுக்குள் குனிந்து செய்கிற வேலை. அந்த வேலை ஒழிவதற்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

தேக்குக் கதவும் அலமாரியும் மட்டும் செய்பவர், சாணை பிடிக்க நல்ல கை பக்கத்தில் இருக்கிறது என்றால், நேர் பிளேடோடு இருக்கட்டும். தேர் வேலைக்காக இலுப்பையைக் கனமாகச் சதுரிக்கிறவர்களுக்கும் அதுவே போதும். அந்த முகத்தின் மேல் உளி ஓடப்போகிறது.

பிளாக் மாற்றுவதற்கு முன்

பஞ்சாபின் படாலா பக்கம் வார்த்த மெஷினுக்கும் வெளிநாட்டு மெஷினுக்கும் பிளாக்கின் அளவு ஒன்றல்ல. வெட்டு வட்டத்தின் விட்டம், தண்டின் இரு நுனி விட்டம், பேரிங் எண், பேரிங்குகளுக்கு இடையே உள்ள நீளம், புல்லி சாவிப் பள்ளம் ஆகிய ஐந்தையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு பிறகு ஆர்டர் போடுங்கள். உள்ளூர் லேத்தில் பிளாக் கடைந்து வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். கடைவது கஷ்டமில்லை. சுழற்றிச் சமன் பார்ப்பதற்கு டைனமிக் பேலன்சிங் மெஷின் வேண்டும்; பம்பு, மோட்டார் தொழில் இருப்பதால் கோவையில் அது உண்டு, நம் லேத் கடையில் இல்லை.

வேகத்தையும் சரிபாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு போல் மோட்டார் ஏறக்குறைய 2,880 சுற்று ஓடும். மோட்டார் புல்லி 125 மி.மீ., பிளாக் புல்லி 72 மி.மீ. என்றால் பிளாக்குக்கு 5,000 கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது; இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் சுற்றும். புல்லியை மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் பிளாக்கின் மேல் பொறித்த உச்ச வேகத்தைத் தாண்டக் கூடாது.

புது பிளாக் போட்ட அன்று தள்ளுகட்டையை ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஒரு அடிக்குக் குறைவான துண்டைச் சர்ஃபேஸ் பிளானரில் தள்ளாதீர்கள், கையுறை போடாதீர்கள். சில்லு பிளாக்கின் மெல்லிய சத்தம் மெஷின் நின்றுவிட்டதுபோல் ஏமாற்றும்.

உங்கள் பட்டறையில் சதுர பிளாக் இன்னும் இருந்தால் இந்த வாரமே கழற்றுங்கள். மலிவாகக் கேட்டு யாராவது வருவார், விற்காதீர்கள். உடைத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்.